நாணற்குளத்தில் யாரும் இருமக் கூடாது

நாணற்குளத்துக் கரையில் செவியனைப் போல ஓடக்கூடியவர் யாரும் இல்லை. செவியன் ஒரு முயல். ஆள் சின்னவன்தான். ஆனால் வடகரை வேப்பமரத்தடியில் அவன் கிளம்பினால், ஒரு தவளை இரண்டு தடவை கத்தி முடிப்பதற்குள் தென்கரைப் புதருக்குள் போய் நிற்பான்.

ஓடுவது அவனுக்கு விளையாட்டு அல்ல, வேலை. குளத்துக்குக் கிழக்கே நகரத்தின் குப்பைமேடு இருந்தது. அங்கே ஒரு நாய்க்கூட்டம் வாழ்ந்தது. குப்பையில் இரை குறைந்த நாட்களில் அந்த நாய்கள் குளக்கரைக்கு வேட்டைக்கு வரும். அவை வருவதை முதலில் பார்ப்பவன் தோகையன் என்ற மயில். வேப்பமரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருப்பான். நாய்களின் தலை தெரிந்ததும் அகவுவான். வடகரையில் இருப்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டு மரத்திலும் வளையிலும் பதுங்கிக்கொள்வார்கள்.

தென்கரைக்கு அந்தக் குரல் எட்டாது. அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. லாரிகளின் இரைச்சல் எந்தக் குரலையும் விழுங்கிவிடும். தரையில் கூடு கட்டும் கௌதாரிகள் அங்கேதான் குடியிருந்தன. அதனால் தோகையன் அகவியதும் செவியன் ஓட வேண்டும். ஓடிப்போய், காலால் தரையைத் தட்டி, "கிளம்புங்கள்" என்று சொல்ல வேண்டும். ஒருவனுடைய குரலும் மற்றவனுடைய காலும் சேர்ந்ததுதான் அந்தக் குளத்தின் காவல்.

மாலையில் தோகையன் மரத்தைவிட்டு இறங்குவான். இருவரும் அறுகம்புல் மேட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். தோகையனுக்குத் தன் தோகையின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. ஓடும்போது அது எவ்வளவு இடைஞ்சல் என்று செவியன் கேலி செய்வான். தோகையன் கோபித்துக்கொள்ள மாட்டான். வயதில் பெரியவன் என்பதால் செவியன் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

நெடுஞ்சாலையில் முதலில் லாரிகள் நிற்காமல்தான் போய்க்கொண்டிருந்தன. பிறகு குளத்துக்கு நேர் எதிரே சுங்கச்சாவடி கட்டினார்கள். அன்று முதல் லாரிகள் வரிசையில் நின்று உறுமிக்கொண்டே இருந்தன. குப்பைமேட்டிலும் யாரோ நெருப்பு வைத்தார்கள். அந்த நெருப்பு மேலே அணைந்து, அடியில் இறங்கிவிட்டது. மழை பெய்தும் அணையவில்லை. பிளாஸ்டிக்கும் ரப்பரும் உள்ளுக்குள்ளேயே வெந்து, எந்த நேரமும் ஒரு நீலப் புகை கரையைத் தடவிக்கொண்டு போனது. கொசு குறைந்துவிட்டது என்று சிலருக்குச் சந்தோஷம்கூட.

கண்ணுக்குத் தெரிகிற கரி இலைமேல் படியும். மூக்கில் ஒட்டும். தும்மினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத தூள் அப்படிப் போகாது. அது மூச்சோடு நெஞ்சுக்குள் இறங்கும். அங்கிருந்து இரத்தத்தில் கலந்து இதயம் வரைக்கும் போகும். வேகமாக ஓடுகிறவன் நிறையக் காற்றை இழுக்கிறான். அந்தக் காற்றில் இருப்பதையும் சேர்த்துத்தான் இழுக்கிறான். செவியனுக்கு இதெல்லாம் தெரியாது.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், சும்மா புல் மேயப் போனபோது அவனுக்கு மேல்மூச்சு வாங்கியது. தின்றது செரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். கார்த்திகையில் ஒரு தடவை, ஓடி முடித்ததும் நெஞ்சு தாறுமாறாக அடித்தது. இரண்டு துடிப்பு வேகமாக, ஒன்று விட்டுப்போய், மறுபடி மூன்று வேகமாக. அவன் படுத்துக் கிடந்து அது அடங்கும்வரை காத்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஓட முடியாத முயலை யார் மதிப்பார்கள் என்று அவனுக்குப் பயம். தோகையனும் அந்த மாதத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னான். செவியன் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்கழி வந்தது. காலையில் பனி இறங்கி, புகையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு காலையில் நாய்கள் வந்தன.

தோகையன் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான். முதல் கூவல் பாதியிலேயே உடைந்து இருமலாக மாறியது. மூன்று நான்கு தடவை இருமினான். பிறகு மூச்சைப் பிடித்து முழுக்குரலில் அகவினான். கொஞ்ச நேரம்தான் தாமதம். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட செவியனின் கால்கள் போதும். பழைய கால்களாக இருந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

செவியன் கிளம்பினான். பாதி தூரத்தில் புளியமரம். அங்கே போனபோதே அவன் நெஞ்சை யாரோ பிடித்துப் பிழிவது போல இருந்தது. நின்றான். மூச்சு உள்ளே போக மறுத்தது. மறுபடி ஓடினான். தென்கரைக்குச் சற்று முன்னால் ஒரு கல்குவியல் உண்டு. அங்கே மறுபடியும் நின்றுவிட்டான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலைத் தூக்கித் தரையைத் தட்டப் பார்த்தான். கால் மேலே எழவில்லை.

அங்கிருந்து சித்திரியின் புதர் தெரிந்தது. சித்திரி ஒரு கௌதாரி. அவளுக்கு ஆறு குஞ்சுகள். பொரித்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. புதருக்கு வெளியே அவை விதை பொறுக்கிக்கொண்டிருந்தன. நாய்கள் கிழக்கிலிருந்து வந்தன. சித்திரி சிறகை அடித்துக்கொண்டு அவற்றின் முகத்துக்கு நேரே பறந்தாள். ஒரு நாய்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்று மதியமே கூட்டம் கூடியது. கரைக்குத் தலைவன் வக்கணையன் என்ற நரி. பேச்சில் அவனை மடக்க ஆள் கிடையாது. குப்பைமேட்டில் கோழிக்கழிவு வந்து விழ ஆரம்பித்த பிறகு அவன் கரையில் யார் மேலும் கை வைப்பதில்லை. அந்த நன்றிக்காகவே எல்லோரும் அவனைத் தலைவன் ஆக்கியிருந்தார்கள்.

காவல் தவறியது யாரால் என்று வக்கணையன் கேட்டான். தோகையன் அகவும்போது இருமியதை வடகரையில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். கீரி சொன்னது. அணில் சொன்னது. சித்திரி தன் அலகால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தாள். வக்கணையன் செவியன் பக்கம் திரும்பினான்.

"செவியா, நீ சொல். கூவல் தாமதமாகத்தானே வந்தது?"

செவியன் தோகையனைப் பார்க்கவில்லை. "தாமதமாகத்தான் வந்தது. எனக்குக் கேட்டதும் ஓடினேன்" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. புளியமரத்தடியில் நின்றதையும் கல்குவியலில் நின்றதையும் மட்டும் சொல்லவில்லை.

இது ஒட்டுவாரொட்டி நோய் என்று வக்கணையன் தீர்ப்புச் சொன்னான். இருமுகிறவன் இங்கே இருந்தால் எல்லோருக்கும் பரவும், அதனால் தோகையன் மேற்கே ஆனைக்கல் குன்றைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்றான். இன்று முதல் நாணற்குளத்தில் யாரும் இருமக் கூடாது, இருமினால் அவர்களும் போக வேண்டியதுதான் என்று ஒரு சட்டமும் போட்டான். புகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது பழகிப்போயிருந்தது. பழகியதன் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

தோகையன் மறுத்து ஒன்றும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை செவியனைப் பார்த்தான். பிறகு சித்திரியின் முன்னால் போய்த் தலையைத் தாழ்த்தி நின்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோகை தரையில் இழுபட அவன் மேற்கே நடந்தான். பறக்கக்கூட இல்லை. பறக்க மூச்சு இருந்திருக்காது என்பது செவியனுக்கு மட்டும் புரிந்தது.

அன்று மாலை செவியன் அறுகம்புல் மேட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

சட்டம் வந்த பிறகு கரை அமைதியாகிவிட்டது. இருமல் சத்தமே கேட்பதில்லை. வக்கணையன் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். உண்மை வேறு. கீரி தன் வளையின் கடைசிக்குப் போய் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமியது. அணில் மரப்பொந்துக்குள் வாலை வாயில் கவ்விக்கொண்டு இருமியது. அல்லி என்ற நீர்க்கோழி தண்ணீருக்குள் முங்கி இருமினாள். குளத்தின் நடுவே குமிழி வந்தால் அது மீன் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இந்த நோய் வந்திருக்கிறது என்று நம்பினார்கள். பக்கத்தில் இருப்பவரைக் கண்டு பயந்தார்கள்.

அந்தப் பருவத்தில் பிறந்த குட்டிகள் எல்லாம் பிறக்கும்போதே சின்னதாக இருந்தன. கீரிக்குப் பிறந்த மூன்றில் இரண்டு, பால் குடிக்கவும் மூச்சில்லாமல் செத்துப்போயின. பனிக்காலம் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

செவியனுக்கு இப்போது நடந்தாலே நெஞ்சு வலித்தது. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டான். தோகையனுக்குப் பதிலாகக் காவலுக்கு ஒரு செம்போத்து வந்திருந்தது. அது குரல் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் செவியனுக்கு உயிர் போய் வந்தது. அவனுடைய நல்ல காலமோ என்னவோ, நாய்கள் தென்கரைக்கு வரவில்லை. மற்றக் கௌதாரிகள் அன்றே பயந்து வேறு இடம் பறந்துவிட்டதால், அங்கே நாய்களுக்கு இரை எதுவும் மிச்சமில்லை. சித்திரி மட்டும் காலியான புதரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அவளைத் தூரத்தில் கண்டாலே செவியன் வேறு வழியாகப் போய்விடுவான்.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது ஒரு கொக்கு வந்து இறங்கியது. அது ஊர் ஊராகப் போகிற கொக்கு. குன்றுக்கு அப்பால் வெள்ளேரியில் தோகையனைப் பார்த்ததாகச் சொன்னது. அவன் அங்கே மருதமரத்தில் இருக்கிறானாம். இருமல் நின்றுவிட்டதாம். காலையில் அவன் அகவுவது ஏரியின் அக்கரை வரை கேட்கிறதாம்.

எல்லோரும் வக்கணையனைப் பார்த்தார்கள். அவன் வாலை உதறிக்கொண்டு முன்னால் வந்தான்.

"கேட்டீர்களா? நோயை நம்மிடம் விட்டுவிட்டுத்தான் அவன் போயிருக்கிறான். அதனால்தான் தேறிவிட்டான்" என்றான்.

பலருக்கு அது சரி என்று பட்டது. செவியனுக்குப் படவில்லை. நோயாளி போய்த் தேறிவிட்டான், சட்டம் போட்டுக் காப்பாற்றிய கரையில் நாம் செத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அன்று முழுக்க யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் கண் குப்பைமேட்டுப் பக்கமே போனது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. புகையைப் பற்றிப் பேசினால் தன் நெஞ்சைப் பற்றிப் பேச வேண்டும். தன் நெஞ்சைப் பற்றிப் பேசினால் கல்குவியலைப் பற்றிப் பேச வேண்டும்.

போகி வந்தது. நகரத்தில் மனிதர்கள் பழையதை எல்லாம் தெருவில் போட்டு எரிக்கும் நாள். பாயும் துணியும் போக, பழைய டயர்களையும் நெருப்பில் போட்டார்கள். விடிந்தபோது சூரியன் தெரியவில்லை. குளம் தெரியவில்லை. எதிரே நிற்பவரின் முகம்கூட ஒரு நிழல் போலத்தான் தெரிந்தது. தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு ஏடு படிந்திருந்தது.

அந்தக் காலையில் அல்லியால் முங்கிப் போக முடியவில்லை. அவள் ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். நாணலுக்குள் கூட்டில் உட்கார்ந்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி இருமிவிட்டாள்.

மதியம் கூட்டம் கூடியது. அல்லி முட்டைகளை விட்டுவிட்டு வந்து நின்றாள். குஞ்சு பொரிக்க இன்னும் நாலைந்து நாள்தான், அதுவரை மட்டும் இருக்க விடுங்கள் என்று கெஞ்சினாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றான் வக்கணையன். அவளுடைய கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தவன் செவியன்தான். அதனால் அவனையே கூப்பிட்டான்.

"அன்றைக்கும் நீதான் சாட்சி. இன்றைக்கும் நீயே சொல். அல்லி இருமியதைக் கேட்டாயா இல்லையா?"

செவியன் எழுந்து நின்றான். எதிரே சித்திரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு எட்டுத் தூரம்தான். இந்தத் தடவை அவனால் வேறு பக்கம் பார்க்க முடியவில்லை.

"கேட்டேன்" என்றான். "ஆனால் அவள் இருமியதால் யாரும் சாகவில்லை. நான் நின்றதால்தான் செத்தார்கள்."

யாருக்கும் புரியவில்லை. அவன் தொடர்ந்து சொன்னான். தோகையனின் கூவல் கொஞ்சம்தான் தாமதமானது என்றும், பழைய மாதிரி ஓடியிருந்தால் குஞ்சுகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும், ஐப்பசியிலிருந்தே தன் நெஞ்சு சரியில்லை என்றும், அதை மறைத்துத் தோகையன் தலையில் பழியைப் போட்டுவிட்டதாகவும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நின்று மூச்சு வாங்கினான்.

சித்திரி அவன் முன்னால் வந்தாள்.

"எங்கே நின்றாய்?"

"முதலில் புளியமரத்தடியில். அப்புறம் கல்குவியலில்."

"கல்குவியலில் நின்றால் என் புதர் தெரியுமே."

"தெரிந்தது அக்கா."

"பிள்ளைகள் தெரிந்தார்களா?"

"தெரிந்தார்கள்."

அவள் கூட்டத்தின் ஓரமாகப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

செவியனுக்கு அழுகை வந்தது. அழுகையோடு இருமலும் வந்தது. அதை அடக்க வேண்டிய காரணம் இனி இல்லை. உடம்பு குலுங்க இருமினான். அவன் இருமி முடிப்பதற்குள் கீரி இருமியது. அதன் பின்னால் அணில். மரத்தின் மேலிருந்து செம்போத்து. பிறகு யார் யார் என்று சொல்ல முடியாதபடி மொத்தக் கூட்டமும் இருமியது. எத்தனையோ நாட்களாக வளையிலும் பொந்திலும் தண்ணீரிலும் புதைத்து வைத்திருந்த இருமல் எல்லாம் வெளியே வந்தது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாக, கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த வக்கணையனும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். அவன் பொத்தியிருந்த முன்னங்காலில் இரத்தம் ஒட்டியிருந்தது.

இருமல் அடங்கியதும் செவியன் சொன்னான்.

"தோகையண்ணனிடம் நோய் இருந்திருந்தால், அது அவரோடு போயிருக்கும். போனவர் தேறிவிட்டார். இருக்கிற நாம் இருமுகிறோம். நோய் எதில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்."

பார்ப்பதற்குத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அது அவர்கள் முகத்துக்கும் முகத்துக்கும் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் கரை கிளம்பியது. சாலையை நிறுத்தவும் குப்பைமேட்டை அணைக்கவும் அவர்களுக்கு வழி இல்லை. அது மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை. மனிதர்கள் அதைச் செய்யும்வரை காத்திருக்க அவர்களிடம் மூச்சு இல்லை. பிறந்து வளர்ந்த வளையையும் புதரையும் விட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வக்கணையன் வர மறுத்தான். தினமும் இரை கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு எவன் போவான் என்று கேட்டான். கிளம்புகிற கடைசி ஆள்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அல்லியும் வரவில்லை. முட்டைகளை விட்டு வர அவளால் முடியாது. பொரித்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னாள்.

ஆனைக்கல் குன்றை முன்பெல்லாம் செவியன் அரை நாளில் ஏறி இறங்குவான். இப்போது மூன்று நாள் ஆயிற்று. பத்து எட்டு வைப்பான், உட்காருவான். மற்றவர்களும் அப்படித்தான் ஏறினார்கள். கீரியின் மிச்சமிருந்த ஒரு குட்டி இரண்டாம் நாள் பாறை நிழலில் கண்ணை மூடிக்கொண்டது. அதற்கு வயது ஒரு மாதம்கூட இல்லை. கீரி அதை வாயில் கவ்விக்கொண்டே ஏறியது. உச்சிக்குப் போன பிறகுதான் கீழே வைத்தது.

சித்திரி எல்லோருக்கும் முன்னால் தனியாகப் போனாள். செவியன் பின்தங்கியதை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை வெள்ளேரிக்கு வந்து சேர்ந்தார்கள். தோகையன் மருதமரத்திலிருந்து பறந்து வந்து இறங்கினான். செவியன் அவன் காலடியில் போய் விழுந்து, எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். தோகையன் தடுத்தான்.

"எனக்குத் தெரியும் செவியா. நான் மர உச்சியில்தானே இருந்தேன்? நீ புளியமரத்தடியில் நின்றது தெரிந்தது. உனக்கும் என்னைப் போலத்தான் ஆகிவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்."

செவியனால் நம்ப முடியவில்லை. "தெரிந்தும் ஏன் அண்ணே கூட்டத்தில் சொல்லவில்லை?"

"சொன்னால் உன்னையும் சேர்த்துத் துரத்தியிருப்பார்கள். நீயாவது ஊரில் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்."

தோகையன் தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் சொல்லியிருக்க வேண்டும். இங்கே வந்து, மூச்சு லேசாக ஆன பிறகுதான் எனக்கே புரிந்தது. அன்று உன்னையும் துரத்தியிருந்தால் நீயும் அப்போதே தேறியிருப்பாய்."

வெள்ளேரியின் காற்று பலருக்கு உதவியது. ஒரு மாதத்தில் அணிலின் இருமல் நின்றது. செம்போத்துக்குக் குரல் திரும்பியது. மாசி முடிவில் அல்லி வந்து சேர்ந்தாள். பொரித்த ஐந்து குஞ்சுகளில் இரண்டுதான் அவள் பின்னால் வந்தன. வக்கணையன் குகை வாசலிலேயே செத்துக் கிடந்ததாகவும், பக்கத்தில் கோழிக்கழிவு தொடாமல் கிடந்ததாகவும் அவள்தான் வந்து சொன்னாள். அதைக் கேட்டு யாரும் சந்தோஷப்படவில்லை.

செவியனுக்கும் இருமல் குறைந்தது. ஆனால் அவனுடைய இதயம் சரியாகவில்லை. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாலும், நெடுநாள் விஷத்தைச் சுமந்த இதயம் களைத்துப்போயிருந்தது. பகலெல்லாம் மருதமரத்தடியில் உட்கார்ந்து, இளம் முயல்கள் ஏரிக்கரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது மூச்சு வாங்கினால் உடனே கூப்பிட்டு உட்கார வைப்பான். ஒளிக்காதே, சொல்லிவிடு என்பதைத் தவிர அவன் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

சித்திரி அந்த வருடம் ஏரியின் மறுகரையில் கூடு கட்டினாள். அவள் அவனிடம் பேசவே இல்லை.

பங்குனியில் ஒரு மதியம், தோகையன் அவனுக்குப் பிடித்த அறுகம்புல்லை அலகில் கொண்டுவந்தான். செவியன் உட்கார்ந்தபடியே இருந்தான். காது இரண்டும் மடிந்து முதுகில் கிடந்தன. தோகையன் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு புல்லை அவன் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வெயில் தாழும்வரை எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் இழுப்பது ஒரே காற்றைத்தான். அதில் விஷம் கலந்திருக்கும்போது, விஷத்தை விட்டுவிட்டு இருமுகிறவனைத் துரத்துகிறவர்களும், தன் இருமலை ஒளித்து அடுத்தவன் மேல் பழி போடுகிறவர்களும், கடைசியில் தங்கள் பிள்ளைகளையே சாகக் கொடுக்கிறார்கள்.